வாட்டர்கலரில் உள்ளுணர்வை எந்த இடத்தில் நம்பலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கேட்டவர் திருச்சிக்காரர். இரண்டு வருடமாக வாட்டர்கலர் பழகுகிறார். வீடியோவைப் பார்த்து அதே வரிசையில் வரைந்தால் படம் சரியாக வருகிறதாம். ஆனால் வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் "யோசிக்காதீர்கள், உள்ளுணர்வை நம்புங்கள், கை போகிற போக்கில் விடுங்கள்" என்கிறார்கள். அதை நம்பி அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்து காவிரியையும் மலைக்கோட்டையையும் வரைந்தால் எல்லாம் சேறாகிவிடுகிறது. அந்த உள்ளுணர்வு தனக்குப் பிறவியிலேயே இல்லையோ, பென்சிலில் கோடு போட்டுக்கொண்டால் அது லூஸ் ஸ்டைல் (விவரம் எல்லாம் போடாமல் தளர்வாக வரைகிற பாணி) ஆகாதோ, பிரஷ்ஷை மாற்றினால் சரியாகுமோ என்று மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: யோசிக்காமல் செய்யும்போது எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன். பல வருடமாக வெளியில் உட்கார்ந்து வரைகிறேன், வாரக் கடைசியில் சொல்லியும் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 'சேறு' என்று நீங்கள் சொல்வது நான் நினைக்கிற சேறுதான் என்று எடுத்துக்கொண்டுதான் இந்தப் பதில்.

உறுதியாகச் சொல்லக்கூடியதில் இருந்து தொடங்குகிறேன். வாட்டர்கலர் என்பது நிறமித் தூளைக் கம் அரபிக் என்ற பிசினில் குழைத்தது. இந்தப் பிசின் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் திரும்பக் கரையும். அக்ரிலிக் அப்படிக் கரையாது, எண்ணெய் வண்ணமும் கரையாது. நீங்கள் வானத்தைப் பூசிவிட்டு, திருப்தி இல்லாமல் அதன்மேல் இரண்டாவது முறை, மூன்றாவது முறை பிரஷ்ஷால் தேய்க்கும்போது கீழே இருக்கிற வண்ணம் கிளம்பி மேலே வருவதோடு கலந்துவிடுகிறது. பேப்பரின் வெள்ளையில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம்தான் வாட்டர்கலரின் உயிர். அதைத் தடுக்கிற அளவுக்குத் துகள்கள் குழம்பிப் படிந்துவிட்டால் அதைத்தான் சேறு என்கிறோம். வண்ணத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துச் சேறாவது குறைவு. பாதி காய்ந்த இடத்தில் திரும்பக் கை வைத்துச் சேறாவதுதான் பத்தில் எட்டு பேருக்கு நடப்பது என்று என் வகுப்பை வைத்துச் சொல்வேன். (இந்த எட்டு நான் எண்ணிப் பார்த்தது இல்லை, பேச்சுக்குச் சொல்வது.)

அடுத்தது ஈரம். நனைத்த பேப்பர் நாலு நிலையைத் தாண்டித்தான் காயும். முதலில் தண்ணீர் மேலே நிற்கும். பேப்பரைச் சாய்த்தால் ஓடும். பிறகு தண்ணீர் உள்ளே இறங்கி, மேலே ஒரு மெல்லிய மினுமினுப்பு மட்டும் மிஞ்சும். மூன்றாவது நிலையில் மினுமினுப்பு போய்விடும், ஆனால் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும். கடைசியில் அந்தச் சில்லிப்பும் போய் முழுக்கக் காய்ந்துவிடும். முதல் நிலையில் வண்ணம் தன் இஷ்டத்துக்குப் பரவும். வானத்துக்கு அது சரி. இரண்டாவது நிலையில் கெட்டியான வண்ணத்தை வைத்தால் ஓரம் மிருதுவாக, ஆனால் வைத்த இடத்திலேயே நிற்கும்; தூரத்து மரங்கள் பிறப்பது இங்கேதான். மூன்றாவது நிலைதான் ஆபத்து. அப்போது தண்ணீர் நிறைந்த பிரஷ்ஷால் தொட்டால், அந்தத் தண்ணீர் ஈரம் குறைந்த பக்கம் ஓடி, வழியில் உள்ள துகள்களைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் குவிக்கும். காலிஃபிளவர் என்று நாம் சொல்கிற திட்டு இப்படித்தான் வருகிறது. விதி இதுதான்: ஈரமான பேப்பரில் வைக்கிற வண்ணத்தில், பேப்பரில் இருப்பதைவிடத் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும். காய்ந்த பேப்பருக்கு இந்த விதி கிடையாது, அங்கே ஓரம் கூர்மையாக விழும்.

வீடியோவில் வரைகிறவர் "யோசிக்காமல்" செய்வது இதைத்தான். பேப்பர் எந்த நிலையில் இருக்கிறது, பிரஷ்ஷில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற இரண்டையும் அவர் கண்ணும் கையும் கணக்குப் போடாமலே படித்துவிடுகின்றன. சுவருக்குப் பூச்சு வேலை செய்கிற கொத்தனாரைப் பார்த்திருப்பீர்கள். சாந்தைப் பூசியதும் தேய்க்க மாட்டார். ஒரு டீ குடிப்பார், திரும்பி வந்து விரல் வைத்துப் பார்ப்பார், இன்னும் ஆகவில்லை என்பார், அப்புறம் ஒரு நேரத்தில் சட்டென்று கட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். ஏன் இப்போது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அது பிறவி வரமாக இருக்கும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. ஆனால் ஓவியம் என்று வந்துவிட்டால் மட்டும் வரம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதை எனக்குத் தெளிவாக்கியது ஓவியம் பற்றிய புத்தகம் எதுவும் இல்லை, உளவியல் கட்டுரை ஒன்று. டேனியல் கானமன், கேரி க்ளைன் என்ற இருவரும் உள்ளுணர்வு பற்றி எதிரெதிர்க் கருத்து உள்ளவர்கள். கானமன் அதைச் சந்தேகித்தவர். க்ளைன் தீயணைப்புக் குழுத் தலைவர்களின் உள்ளுணர்வை ஆராய்ந்து மெச்சியவர். இருவரும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டது இது: ஒரு துறையில் நிலையான ஒழுங்கு இருந்து, செய்ததன் விளைவு திரும்பத் திரும்பத் தெரியவந்து, அதைக் கற்றுக்கொள்ளப் போதிய வாய்ப்பும் இருந்தால், அங்கே தேர்ந்தவரின் உள்ளுணர்வை நம்பலாம். இல்லாவிட்டால், ஒருவருக்கு எவ்வளவு தன்னம்பிக்கை இருந்தாலும் அதை நம்ப முடியாது.

நான் உளவியல் படித்தவன் இல்லை, அந்தக் கட்டுரை வாட்டர்கலரைப் பற்றியதும் இல்லை. ஆனாலும் பொருத்திப் பாருங்கள். பேப்பரில் தண்ணீர் நடந்துகொள்வதில் ஒழுங்கு உண்டு. தப்பாகத் தொட்டால் அரை நிமிடத்தில் காலிஃபிளவர் வந்து சொல்லிவிடும். ஆகவே ஈரத்தைப் பற்றிய உள்ளுணர்வு சீக்கிரம் வளரும், வளர்ந்த பிறகு முழுசாக நம்பலாம். படத்தின் அமைப்பு வேறு கதை. எதைப் பெரிதாக்குவது, எதை விடுவது, வெள்ளை எங்கே மிஞ்ச வேண்டும் என்பதில் நீங்கள் செய்தது சரியா என்று யாரும் உடனே சொல்வதில்லை. இன்ஸ்டாகிராமில் விழுகிற லைக்கை விளைவு என்று எடுத்துக்கொண்டால் இன்னும் மோசம். எனவே அமைப்பில் உள்ளுணர்வை நம்பாதீர்கள், குறைந்தது ஆரம்ப வருடங்களில். அங்கே உட்கார்ந்து யோசியுங்கள். யோசிக்க வேண்டியதைப் பேப்பர் நனையும் முன் யோசித்து முடித்துவிட்டால், நனைந்த பிறகு கை சுதந்திரமாக இருக்கும். நீங்கள் செய்வது நேர்மாறாக இருக்கும் என்று நினைக்கிறேன்: நனையும் முன் யோசிக்காமல், நனைந்த பிறகு யோசிப்பது. அந்த யோசனை முடிவதற்குள் பேப்பர் மூன்றாவது நிலைக்குப் போய்விடுகிறது.

பெரிய ஓவியர்களும் இப்படித்தானா என்று கேட்பீர்கள். டர்னர் என்ற ஆங்கில ஓவியர் பற்றி ஒரு பிரபலமான சம்பவம் உண்டு. 1818இல் யார்க்‌ஷயரில் ஃபார்ன்லி ஹால் என்ற வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பெரிது என்று காட்டும்படி ஒரு படம் வரைந்து கொடுக்கச் சொன்னார் வீட்டுக்காரர் வால்டர் ஃபாக்ஸ். அவருடைய மகன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். டர்னர் பேப்பர் ஊறிப்போகும்வரை ஈர வண்ணத்தை ஊற்றினார், கிழித்தார், சுரண்டினார், வெறி பிடித்தவர்போலத் தேய்த்தார். எல்லாம் குழப்பமாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மாயம்போலக் கப்பல் வெளியே வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் படம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லித்தான் பலர் "பார்த்தீர்களா, எல்லாம் உள்ளுணர்வு" என்பார்கள். ஆனால் அவர் 14 வயதிலேயே ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தவர். அவர் இறந்த பிறகு இங்கிலாந்து நாட்டுக்கு வந்து சேர்ந்த, பேப்பரில் செய்த படைப்புகள் மட்டும் சுமார் 30,000. அதில் முந்நூறு அளவுக்குக் குறிப்பேடுகள். கப்பலின் பாய்மரக் கயிறும் மலையின் மடிப்பும் பென்சிலில் நிறைந்திருக்கும். அந்தக் காலைப்பொழுதில் அவர் யோசிக்காமல் இருந்திருக்கலாம். கப்பல் எப்படி இருக்கும் என்று யோசிக்க அவருக்கு அன்று தேவையே இருக்கவில்லை.

டர்னருக்கு முன்னால் அலெக்ஸாண்டர் கோசன்ஸ் என்பவர், பிரஷ்ஷால் மையைத் திட்டுத் திட்டாக வைத்து நிலக்காட்சி உருவாக்கும் முறையை 1785 வாக்கில் அச்சிட்டே வெளியிட்டார். பார்க்க முழுத் தற்செயல் மாதிரி இருக்கும். அவரும்கூட, திட்டு வைக்கும் முன் வரையப்போகிற காட்சியை மனதில் பலமாக நிறுத்திக்கொள் என்றுதான் சொல்கிறார்.

பென்சில் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஜான் சிங்கர் சார்ஜென்ட் என்ற அமெரிக்க ஓவியரின் வெனிஸ் வாட்டர்கலர்களை விட லூஸாக யாரும் வரைந்ததாக எனக்குத் தெரியவில்லை. 1909இல் புரூக்ளின் மியூசியம் அவருடைய 83 வாட்டர்கலர்களை ஒரே மூச்சில் வாங்கியது. அவற்றின் படங்கள் இணையத்தில் கிடைக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடுகள் தெரியும். கட்டடம் இருக்கிற இடத்தில் கோடு கவனமாக இருக்கும், தண்ணீர் இருக்கிற இடத்தில் பேருக்கு இருக்கும். கோடு போடுவது ஏமாற்று வேலை இல்லை. கோட்டுக்குள் நிரப்பிக்கொண்டே போவதுதான் படத்தை இறுக்குகிறது. லூஸ் என்றால் வேகம் என்ற எண்ணமும் பாதிதான் சரி. பிரெஞ்சு ஓவியர் செசான் கடைசிக் காலத்தில் வரைந்த சாந்த் விக்தோர் மலை வாட்டர்கலர்களில் பாதிப் பேப்பர் வெள்ளையாக விட்டிருக்கும், அவ்வளவு காற்றோட்டம். அவரோ மெதுவாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்த பூச்சு என்று வேலை செய்தவர்.

சரி, உங்கள் அம்மா மண்டபத்துக்கு வருகிறேன். அங்கே படியில் உட்கார்ந்தால் நீங்கள் பார்ப்பது தெற்கே. மலைக்கோட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலையில் வெயில் இடது கைப்பக்கம் இருந்து வரும், அதனால் பாறையின் இடது முகம் வெளிச்சம், வலது முகம் நிழல். மாலையில் இது தலைகீழ். நடு மதியத்தில் போகாதீர்கள், நிழல் எல்லாம் போய்ப் பாறை தட்டையாகிவிடும், வெள்ளைப் பேப்பரில் வெயில் பட்டுக் கண்ணும் கூசும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். நாலு வடிவம்தான் மிஞ்சும்: வானம், எதிர்க்கரைப் பட்டை, தண்ணீரும் மணலும், உங்கள் முன்னால் இருக்கிற படி. ஒரு தீப்பெட்டி அளவுக்குப் பென்சிலில் மூன்றே தொனியில் (வெளிச்சம், நடுத்தரம், இருட்டு) போட்டுப் பாருங்கள். வெள்ளை எங்கே விடப்போகிறீர்கள் என்று அதில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இது ஐந்து நிமிட வேலை. முன்பு சொன்ன யோசனையெல்லாம் இதற்குள் முடிந்துவிட வேண்டும்.

பெரிய பேப்பரில் கோடு போடும்போது கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, உச்சிப் பிள்ளையார் கோயிலோடு சேர்ந்த பாறையின் வெளிக்கோடு. திருச்சிக்காரர் யாரும் அதில் தப்பைப் பொறுத்துக்கொள்ள மாட்டார். மற்ற கட்டடம், தென்னை, செல்போன் கோபுரம் எல்லாம் ஒரே பட்டை. வானத்தை நனைத்து, அடிவானத்தில் ரா சியன்னா என்ற மஞ்சள் பழுப்பை வெளிறலாகவும் மேலே அல்ட்ராமரின் என்ற நீலத்தையும் விடுங்கள், அதையே தண்ணீர் இருக்கும் இடம்வரை இழுத்துவிடுங்கள். பிரஷ்ஷைக் கழுவிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வானம் மினுமினுப்பு நிலைக்கு வந்ததும் தூரத்துத் தென்னை வரிசையை அல்ட்ராமரினும் கொஞ்சம் ரா சியன்னாவும் கெட்டியாகக் கலந்து வையுங்கள். ட்யூபில் வருகிற பச்சையை அங்கே கொண்டுபோகாதீர்கள், தூரத்துப் பச்சை சாம்பல் நீலமாகத்தான் தெரியும். வானம் முழுக்கக் காய்ந்த பிறகு பாறை: அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் பழுப்பில் இருந்து நீலச் சாம்பல்வரை எல்லாம் கிடைக்கும். அதை நிழல் பக்கம் ஒரே ஓட்டத்தில் இறக்கி, அந்த ஈரத்தோடேயே கீழே உள்ள கட்டடங்களுக்குள் ஓடவிட்டு, பட்டையின் அடி ஓரத்தை மட்டும் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் ஒருமுறை தடவிவிடுங்கள். ஜன்னல் வேண்டாம். யாருக்காவது ஜன்னல் வேண்டும் என்றால் அவர் மனதிலேயே வைத்துக்கொள்வார்.

கோடையில் மணல் திட்டுகள் தெரியும். பேப்பரின் வெள்ளையை அங்கே நிறைய மிச்சம் வைக்கலாம். அணையில் தண்ணீர் இருந்தால் வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பார்கள், சில நாளில் உங்கள் படிக்குத் தண்ணீர் வரும். புதுத்தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும், நீலம் போட்டுவிடாதீர்கள். ஆடிப்பெருக்கு அன்று போனால் படித்துறைக் கூட்டத்தைப் புடவை நிறப் புள்ளிகளாக மட்டும் வையுங்கள். தலை, கை, கால் என்று பிரித்தால் படம் செத்துப்போகும்.

இப்படி வரைந்துகொண்டு இருக்கும்போது பாறையின் நிழல் நீங்கள் நினைக்காத இடத்தில் வழிந்து இறங்கும். உள்ளுணர்வுக்கு வேலை வருவது அப்போதுதான். விடலாமா, துடைக்கலாமா? என் பழக்கம், மொத்தத் தொனி கெடவில்லை என்றால் விட்டுவிடுவது. இதை விதியாக நிறுவ என்னால் முடியாது. நிறுத்துகிற நேரமும் அப்படித்தான். "இன்னும் ஒரே ஒரு தொடல்" என்று தோன்றும்போது எழுந்து நின்று, ஆறடி தள்ளி வைத்துப் பார்த்தபின் தொடச் சொல்வேன். சிலர் தொட்டே பிழைக்கிறார்கள்.

பிறவியா பழக்கமா என்பதற்கு என் கருத்து: ஈரம் படிக்கிற திறமை நிச்சயமாகப் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு முதல்முறை பிரஷ் பிடித்தவர்கள் அதைக் கற்றுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். எந்தக் காட்சி ஒருவரை இழுக்கிறது என்பதில் சுபாவத்துக்குப் பங்கு இருக்கலாம். அதில் யாருக்கும் யோசனை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

பழக ஒரு வழி. 22க்கு 30 அங்குலம் முழு ஷீட்டை எட்டாக வெட்டுங்கள். பேப்பர் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), நூறு சதவீதக் காட்டன். விலை குத்தும், ஆனால் மரக்கூழ்ப் பேப்பரில் ஈரம் திட்டுத் திட்டாக, சீக்கிரமாகக் காய்வதால் நான் சொன்ன நாலு நிலையும் கண்ணில் படவே படாது. வீடியோவில் வருவது உங்களுக்கு வராததற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். திருச்சி வெயிலில் காட்டனும் வேகமாகக் காயும். பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டால் நேரம் கிடைக்கும். வீட்டில் என்றால் ஃபேனை நிறுத்துங்கள். ஒரே காட்சியை, அதே நாலு வடிவத்தை எட்டிலும் வரையுங்கள். கோடு, வண்ணம் எதையும் மாற்றாமல் ஈரத்தை மட்டும் மாற்றுங்கள். ஒன்றில் தென்னையை முதல் நிலையிலேயே வையுங்கள், ஒன்றில் மூன்றாவது நிலையில் வேண்டுமென்றே வைத்துக் காலிஃபிளவரை வரவழையுங்கள். பின்பக்கம் என்ன செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். வீடியோவையும் நிறுத்த வேண்டாம், சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் பிரஷ்ஷைப் பார்க்காமல் பேப்பரின் மினுமினுப்பை மட்டும் பாருங்கள். எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்று அப்போதுதான் தெரியும். எடிட் செய்து அந்த நேரத்தை வெட்டியிருந்தால் அந்த வீடியோவால் பயன் குறைவு.

பிரஷ் கேள்வி கடைசி. மாற்றினால் சேறு போகாது. ஆனால் சின்ன பிரஷ் நிறைய இருந்தால் கை தானாகத் திருத்தப் போகும். தண்ணீர் நிறையப் பிடிக்கிற மாப் பிரஷ் ஒன்று, கூர் நுனியுள்ள 8 அல்லது 10ஆம் நம்பர் ரவுண்ட் ஒன்று, தென்னை மட்டைக்கு மெல்லிய ரிக்கர் ஒன்று போதும். ரவுண்டும் ரிக்கரும் சிந்தெட்டிக் ஆகவே இருக்கட்டும். மிச்சம் ஆகிற காசுக்குப் பேப்பர் வாங்குங்கள்.